விலா அடியிலிருந்து மீண்டு மறுபடி டிரைவர் மட்டை பிடிப்பது வரை: கோல்ஃப் ஆடுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

விலாவில் சுரீரென்று பிடித்தால் நம் சேலம், ஏற்காடு பக்கத்தில் அதற்கு இரண்டே பெயர்தான். ஒன்று மூச்சுப் பிடிப்பு, மற்றது வாயுப் பிடிப்பு. முதலாவதற்குத் தைலம், இரண்டாவதற்குப் பூண்டும் பெருங்காயமும். நாலு நாளில் வலி கொஞ்சம் அடங்கும். ஐந்தாம் நாள் மட்டையை எடுத்து நாற்பது பந்து அடித்தால், பழைய இடத்திலேயே பழையதைவிட மோசமாகப் பிடிக்கும். கோல்ஃப் ஆடுபவர்களின் விலா வலி மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போவதற்கு முதல் காரணம் இந்தப் பெயர்க் குழப்பம். மூச்சுப் பிடிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் தசை இழுப்பு, குருத்தெலும்பு விலகல், எலும்பு முறிவு மூன்றும் ஒளிந்திருக்கின்றன. மூன்றும் ஆறுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் வேறு வேறு.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வலி போவதும் எலும்பு சேர்வதும் ஒரே நாளில் நடப்பதில்லை. வலிதான் முதலில் போகும். எலும்பு அதற்குப் பல வாரம் பின்னால் வரும்.

முதலில், ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பது

நெஞ்சு அழுத்தம், வியர்வை, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் விலாவை மறந்துவிட்டு ஈசிஜி எடுக்கப் போங்கள். அதை வாயு என்று நினைத்து சோடா குடித்துவிட்டுப் படுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

விழுந்தோ, வண்டி மோதியோ, பந்து பட்டோ அடிபட்டிருந்தால் கீழ்க்காணும் எதுவும் தென்பட்டவுடன் 108-ஐ அழைக்க வேண்டும்: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் ரத்தம், உதடு நீலம் பாரிப்பது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் ஒரு பகுதி மட்டும் உள்ளே போவது, தோல் அடியில் நொறுநொறுவென்று காற்று இருப்பதுபோலத் தெரிவது. கடைசி அறிகுறி நுரையீரலிலிருந்து காற்று கசிவதைக் காட்டலாம்.

அடி கீழ் விலாவில் பட்டிருந்தால் இன்னொரு கவலையும் உண்டு. 9 முதல் 12 வரையிலான விலாக்களுக்குப் பின்னால் இடப்பக்கம் மண்ணீரல், வலப்பக்கம் கல்லீரல், பின்புறம் சிறுநீரகங்கள் இருக்கின்றன. தலைசுற்றல், வயிறு இறுகுவது, இடது தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி, சிறுநீரில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வயிற்றுக்கு ஸ்கேன் தேவை. ஏற்காட்டு எஸ்டேட்டில் இருப்பவர்கள் இதை ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்துவிட்டுக் காலையில் இறங்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இருட்டில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவது சிரமம்தான், ஆனால் மண்ணீரல் கசிவு விடியும்வரை காத்திருக்காது.

எந்த வகை அடி என்று கண்டுபிடிப்பது

நமக்கு 12 ஜோடி விலா எலும்புகள். மேல் 7 ஜோடி குருத்தெலும்பு வழியாக நெஞ்செலும்போடு சேர்கின்றன. 8, 9, 10 தமக்கு மேலிருக்கும் குருத்தெலும்பில் ஒட்டிக்கொள்கின்றன. 11, 12 முன்பக்கம் எதிலும் சேராமல் நிற்பவை. கோல்ஃபில் அடிபடும் இடங்கள் இந்த அமைப்புக்குத் தகுந்தபடி மூன்று.

முதலாவது, முதுகுப்பக்கம் தோள்பட்டைச் சிறகெலும்பின் ஓரத்துக்கு அருகே, 4 முதல் 6 வரையிலான விலாக்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு இது பெரும்பாலும் இடப்பக்கம் வரும். இது ஒரே அடியில் வரும் முறிவல்ல, திரும்பத் திரும்ப வளைந்து வளைந்து உண்டாகும் அழுத்த முறிவு. சிறகெலும்பை விலாவோடு அணைத்துப் பிடிக்கும் செரேடஸ் தசை ஒவ்வொரு வீச்சிலும் ஓய்வில்லாமல் வேலை செய்கிறது. அது களைத்ததும் சுமை முழுக்க எலும்பின் மேல் விழுகிறது. புதிதாக ஆடத் தொடங்கியவர்களுக்கும், திடீரென்று பயிற்சியைக் கூட்டியவர்களுக்கும் வருவது இதுதான். முதுகுத் தசைப் பிடிப்பு என்று நினைத்து இதை நீவிக்கொண்டே இருப்பார்கள்.

இரண்டாவது, பக்கவாட்டில் இடுப்புக்கு மேலே இருக்கும் சாய்வுத் தசைகளும் விலா இடைத் தசைகளும். டவுன்ஸ்விங்கில், அதாவது மட்டையைக் கீழே இறக்கும்போது, பந்தைத் தொடும் நொடியில் உடல் வலப்பக்கமாகச் சாய்ந்து நசுங்குகிறது. அங்கே வருவது பெரும்பாலும் தசை இழுப்பு. ஒரு குறிப்பிட்ட அடியில் சட்டென்று பிடித்தது என்று நாள், நேரத்தோடு சொல்ல முடியும். அழுத்த முறிவு அப்படியல்ல, எப்போது தொடங்கியது என்றே தெரியாது.

மூன்றாவது, முன்பக்கம் நெஞ்செலும்புக்கு அருகே குருத்தெலும்பு சேரும் இடம். இது மெதுவாகத்தான் ஆறும், ஏனென்றால் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. எக்ஸ்ரேயில் தெரியவும் தெரியாது.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை: ஒற்றை விரல் நுனியால் விலாவின் மேலேயே தடவிக்கொண்டு வாருங்கள். ஒரு நாணயம் அளவு இடத்தில் மட்டும் உயிர் போனால் எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு விலாக்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வலி பரவியிருந்தால் தசையாக இருக்க வாய்ப்பு அதிகம். தும்மல், சிரிப்பு, படுக்கையில் புரளுவது எல்லா வகையிலும் வலிக்கும், ஆகவே அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று சொன்னதும் பலர் நிம்மதியாக ஆடப் போய்விடுகிறார்கள். விலா அடிக்கு எக்ஸ்ரே எடுப்பதன் முதல் நோக்கமே நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. நகராத முறிவுகளில் கணிசமானவை எக்ஸ்ரேயில் சிக்குவதில்லை. அழுத்த முறிவு, எலும்பு சேரத் தொடங்கி முடிச்சு விழுந்த பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். சில சமயம் அப்போதும் தெரியாது. சந்தேகம் வலுத்தால் சிடி அல்லது எம்ஆர்ஐ. டாக்டரிடம் போகும்போது ‘விலா வலி’ என்று மட்டும் சொல்லாமல், கோல்ஃப் ஆடுவதையும், கடைசி நான்கு வாரத்தில் எத்தனை நாள், சுமாராக எத்தனை பந்து அடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் அழுத்த முறிவு யார் மனதிலும் தோன்றாது.

வேறு இரண்டு சங்கதிகளையும் கவனியுங்கள். விலா வழியே ஒரு பக்கமாக எரிச்சலான வலி, தொட்டாலே கூசுகிற தோல், இரண்டு மூன்று நாளில் கொப்புளம் என்றால் அது அக்கி. செம்மண்ணால் எழுதிக்கொள்வது உங்கள் விருப்பம், ஆனால் வைரஸுக்கு எதிரான மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அடுத்தது, 50 வயதைத் தாண்டியவருக்கு ஒரு தும்மலிலோ லேசான அடியிலோ விலா முறிந்தால் எலும்பு அடர்த்திச் சோதனையும் வைட்டமின் டி அளவும் பார்க்காமல் விடக் கூடாது. ஆஸ்துமாவுக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வயது வரம்பே கிடையாது.

எவ்வளவு நாள் ஆகும்

லேசான தசை இழுப்பு 2 முதல் 3 வாரம். நடுத்தரமானது 4 முதல் 8 வாரம். முறிவு என்றால் சாதாரண வாழ்க்கைக்கு 6 வாரம், முழு வேகத்தில் டிரைவர் (நீண்ட தூரத்துக்கான மட்டை) அடிக்க 10 முதல் 12 வாரம். அழுத்த முறிவுக்கு 6 முதல் 8 வாரம் மட்டையை வீசவே கூடாது. குருத்தெலும்பு 8 முதல் 12 வாரம், பொறுமை இல்லாதவர்களுக்கு அதற்கும் மேல்.

அழுத்த முறிவில் இந்தக் கணக்கைத் தவறான இடத்தில் தொடங்குபவர்கள் அதிகம். வலி ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. கடைசியாக மட்டையை வீசிய நாளிலிருந்து எண்ண வேண்டும். நடுவில் ‘சும்மா பார்க்கலாம்’ என்று பத்துப் பந்து அடித்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

முதல் பத்து நாள்: மூச்சுதான் வேலை

நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். பெல்ட், க்ரேப் பேண்டேஜ், மாவுக்கட்டு எதுவும் விலாவுக்கு வேண்டாம். கை காலுக்குக் கட்டுவதன் நோக்கம் எலும்பை அசையாமல் வைப்பது. விலா மூச்சுக்கு மூச்சு அசைந்தே ஆக வேண்டும். கட்டினால் வலி குறைவதுபோல் இருக்கும், கூடவே மூச்சும் மேலோட்டமாகிவிடும். நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தேங்கி, ஒரு வாரத்தில் காய்ச்சலோடு நிமோனியா வந்து நிற்கலாம். இதே காரணத்தால்தான் முழுநாள் படுக்கையும் கூடாது. எண்ணெய் போட்டு நீவுவது, சுளுக்கு எடுப்பது, முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது இவை முறிந்த இடத்தை நகர்த்திவிடும்.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. மூன்று அறைகளும் வழக்கமாக நொடிக்கு 600, 900, 1200 மி.லி. வேகத்தைக் குறிக்கின்றன. ஊதுவதல்ல, இழுப்பது. பலரும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஊதிக்கொண்டிருப்பார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, வாயால் கவ்வி, மெதுவாக இழுத்து முதல் பந்தை 3 நொடி மேலே நிறுத்துங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் 10 முறை. மூன்று பந்தையும் சட்டென்று தூக்கிக் காட்டுவதைவிட ஒரு பந்தை நீண்ட நேரம் நிறுத்துவது நுரையீரலுக்கு நல்லது. கருவி இல்லாவிட்டால் கையை வயிற்றில் வைத்து, வயிறு எழும்படி 4 நொடி இழுத்து, 3 நொடி நிறுத்தி, 6 நொடி விடுவது போதும்.

இருமல் வந்தால் அடக்காதீர்கள். ஒரு தலையணையை அடிபட்ட இடத்தில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமுங்கள். தலையணை இல்லாத இடத்தில் மடித்த துண்டு. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் எலும்பு சேருவது தாமதமாகும், இருமலும் கூடும். ஏற்காட்டில் மார்கழி மாதப் பனியில் விடிகாலை நடை போவதை இந்தப் பத்து நாளுக்கு வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காற்று பட்டதும் வரும் இருமல் ஒவ்வொன்றும் விலாவில் குத்தும்.

வலி மாத்திரையை வீரத்துக்காக ஒதுக்க வேண்டாம். ஆழமாக மூச்சு விட முடியவேண்டும் என்பதற்காகத்தான் அது. பாராசிட்டமால் 650 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, எல்லாம் சேர்த்து நாளுக்கு 3 கிராமுக்குள். கல்லீரல் கோளாறோ தினசரி மது அருந்தும் பழக்கமோ இருந்தால் இன்னும் குறைவாக, டாக்டர் சொல்லும் அளவில். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அட்டையைப் படித்துவிட்டுச் சேர்த்துக் கணக்கிடுங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சாப்பாட்டுக்குப் பிறகு, டாக்டர் சொன்னால் மட்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்தம் நீர்க்கும் மருந்து, டெங்கு சந்தேகம் இதில் எது இருந்தாலும் தொடக் கூடாது. டிரமடால் எழுதிக் கொடுத்தால் மலச்சிக்கல் வரும். முக்கினால் விலா உயிர் போகும், ஆகவே முதல் நாளிலிருந்தே தண்ணீரும் வாழைப்பழமும் கீரையும்.

ஐஸ் முதல் 48 மணி நேரத்துக்கு. துணியில் சுற்றி 15 நிமிடம், நாளுக்கு நாலைந்து தடவை. அதன்பிறகு வெந்நீர் ஒத்தடம் தசை இறுக்கத்துக்கு இதமாக இருக்கும்.

தூக்கம்தான் பெரும்பாடு. முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை அண்டைகொடுத்துப் பாதி சாய்ந்து படுங்கள். எழும்போது நேராக எழ முயலாதீர்கள். முழங்காலை மடக்கி, நல்ல பக்கமாக மொத்த உடலையும் கட்டைபோலப் புரட்டி, காலைக் கட்டிலுக்குக் கீழே விட்டபடி கையை ஊன்றி எழ வேண்டும். கட்டில் இல்லாமல் பாயில் படுப்பவர்கள் இரண்டு வாரத்துக்காவது கட்டிலுக்கோ சாய்வு நாற்காலிக்கோ மாறிக்கொள்வது நல்லது.

சாப்பாட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், அதாவது 70 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 84 முதல் 105 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், இட்லியும் சாம்பாரும் மட்டும் போதாது என்பது புரியும். 100 கிராம் கேழ்வரகில் 340 மி.கி.க்கு மேல் கால்சியம் உண்டு, காலையில் களியோ கூழோ ஆகட்டும். சிறுநீரக நோயாளிகள் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வண்டியும் மலைப்பாதையும்

இரு சக்கர வண்டி மூன்று வாரத்துக்கு வேண்டாம். வேகத்தடை ஒவ்வொன்றும் ஒரு தும்மலுக்குச் சமம். கார் ஓட்டுவது, கழுத்தையும் உடலையும் திருப்பிப் பின்னால் பார்க்கவும், வலியை நினைக்காமல் சட்டென்று பிரேக் மிதிக்கவும் முடிந்த பிறகுதான்.

சீட் பெல்ட் எந்தப் பக்கம் அழுத்தும் என்பதைப் பாருங்கள். நம் ஊர்க் காரில் ஓட்டுநர் பெல்ட் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு வருகிறது, இடது கீழ் விலாவை அது தொடும். பக்கத்து இருக்கையில் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு. அடிபட்ட இடத்துக்கு எது ஒத்துவருகிறதோ அந்த இருக்கையில் உட்காருங்கள். பெல்ட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய துண்டு போடலாம். பெல்ட்டே போடாமல் இருக்கலாம் என்ற யோசனை வேண்டாம்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது வளைவுக்கு வளைவு உடல் ஆடும். காலை அகட்டி ஊன்றி, சிறிய தலையணையை அணைத்தபடி, வளைவை முன்கூட்டிப் பார்த்து உடலைத் தயார்ப்படுத்திக்கொண்டால் குத்தல் குறையும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒவ்வொரு வளைவும் திடுக்கிட வைக்கும். நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருந்தது என்று சொல்லியிருந்தால், அது முற்றிலும் போய்விட்டது என்று மறு எக்ஸ்ரேயில் தெரியும்வரை 1500 மீட்டர் உயரத்துக்கு ஏறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். விமானப் பயணத்துக்கும் இதே விதி, இன்னும் கண்டிப்பாக.

இரண்டாம் வாரத்திலிருந்து: அசைவும் பலமும்

நடை தினமும். முதலில் 10 நிமிடம், பிறகு 30. சேலத்தில் சமதளத்தில் தொடங்கலாம். ஏற்காட்டில் இருப்பவர்கள் முதல் இரண்டு வாரம் ஏரிக்கரைபோன்ற மட்டமான பாதையோடு நிறுத்திக்கொண்டு மூன்றாம் வாரத்தில் ஏற்றத்துக்குப் போகலாம். ஏற்றத்தில் மூச்சு வாங்குவது நல்ல பயிற்சிதான், இறக்கத்தில் வழுக்கி விழுவதுதான் பயம்.

10 முதல் 14 நாளுக்குப் பிறகு, வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்தால் இவற்றைத் தொடங்குங்கள். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் ஏறி கையை மேலே கொண்டுபோவது, 10 தடவை. நாற்காலியில் உட்கார்ந்து, கையை மார்பில் குறுக்கே வைத்து, இடுப்பு அசையாமல் நெஞ்சை மட்டும் இடம், வலம் திருப்புவது. வலி தொடங்கும் எல்லைக்குச் சற்று முன்னால் நிறுத்தி ஒரு மூச்சு விட்டுத் திரும்புங்கள்.

நான்காம் வாரம் முதல் செரேடஸ் தசைக்கு வேலை. சுவரில் இரு கையையும் ஊன்றி, முழங்கையை மடக்காமல், சிறகெலும்புகள் விலகும்படி முதுகைப் பின்னுக்குத் தள்ளுவது. பார்க்க ஒன்றுமே செய்யாததுபோல் இருக்கும், அசைவு இரண்டு அங்குலம்தான். 12 தடவை, மூன்று சுற்று. முழங்கையை மடக்கிச் செய்தால் அது சாதாரணத் தண்டால், மார்புத் தசைக்குத்தான் போகும். பத்து நாளில் இதை மேசை விளிம்பிலும், பிறகு தரையில் முழங்கால் ஊன்றியும் செய்யலாம். கூடவே ரப்பர் பட்டையைச் சன்னல் கம்பியில் கட்டி, பக்கவாட்டில் நின்று, நெஞ்சுக்கு நேரே இரு கையாலும் நீட்டிப் பிடித்து, பட்டை இழுக்கும் பக்கம் உடல் திரும்பாமல் 10 நொடி தாங்குவது. வீச்சில் முறுக்கைத் தடுத்து நிறுத்தும் பலம் இதிலிருந்து வரும், வயிற்றை மடக்கி எழும் பயிற்சியிலிருந்து அல்ல. அது விலாவைக் கீழே இழுக்கும், 8 வாரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

மட்டையைத் தொடுவதற்கு முன் ஆறு கேள்விகள்

முழு மூச்சு இழுத்தால் வலிக்கிறதா? பலமாக இருமினால்? விரல் நுனியால் அழுத்தினால் அந்த நாணய அளவு இடம் இன்னும் நோகிறதா? அடிபட்ட பக்கமாக ஒருக்களித்து ஐந்து நிமிடம் படுக்க முடிகிறதா? உட்கார்ந்து திரும்பினால் இரு பக்கமும் ஒரே அளவு திரும்புகிறதா? சுவரில் கையூன்றி முதுகைத் தள்ளும் பயிற்சி 15 தடவை வலியின்றி வருகிறதா? மாத்திரை எதுவும் போடாத நாளில் இவை ஆறும் தேறினால் தொடங்கலாம். மூன்றாம் கேள்வியில் மட்டும் தோற்றாலும் காத்திருக்க வேண்டும். அது எலும்பின் பதில்.

பட்டரால் பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டிங்குக்கு மட்டும் விலக்கு. முறிவாக இருந்தாலும் மூன்றாம் வாரத்தில் 10 நிமிடம் பட் செய்யலாம். சிரமம் குனிந்து பந்தெடுப்பதில்தான். பட்டரின் பிடி நுனியில் மாட்டும் ரப்பர் உறிஞ்சியை வாங்கிக்கொள்ளுங்கள்.

வீச்சுக்குத் திரும்பும் படிகள்

ஒவ்வொரு படியிலும் குறைந்தது இரண்டு நாள் பயிற்சி, இடையில் ஒரு நாள் ஓய்வு. அடிக்கும்போது வலி பத்துக்கு இரண்டுக்குள் இருந்து மறுநாள் காலை இல்லாமல் போனால் அடுத்த படி. மூன்றைத் தொட்டாலோ மறுநாள் ஆழ்ந்த மூச்சில் குத்தினாலோ இரண்டு நாள் ஓய்வு, ஒரு படி கீழே. நாணய அளவு வலி திரும்பினால் எல்லாவற்றையும் நிறுத்தி டாக்டர்.

முதல் படி சிப், அதாவது பந்தைச் சற்றே தூக்கித் தட்டும் குட்டி அடி. 10 முதல் 20 மீட்டர், கை இடுப்புக்கு மேல் போகாமல், 30 பந்து.

இரண்டாம் படி வெட்ஜில் (குறைந்த தூரத்துக்கான மட்டை) பாதி வீச்சு. இடது கை தரைக்கு மட்டமாக வரும் இடத்தில் நிறுத்தி, மறுபக்கமும் அதே உயரம். பந்தை டீயில், அதாவது பந்தைத் தூக்கி வைக்கும் குச்சியில், வைத்தே அடியுங்கள். முதல் நாள் 20, அடுத்து 30, அடுத்து 40. இந்தப் படியில்தான் அவசரப்படுவார்கள், ஏனென்றால் வலியே இருக்காது.

மூன்றாவது, 8 அல்லது 7 ஐயனில் (நடுத்தர தூரத்துக்கான இரும்பு மட்டை) முக்கால் வீச்சு, வழக்கமான வேகத்தில் பத்துக்கு ஏழு, 30 பந்து. நான்காவது, அதே 7 ஐயனில் முழு வீச்சு, பத்துப் பந்துக்கு ஒருமுறை இரண்டு நிமிட ஓய்வு. ஐந்தாவது ஹைப்ரிட், ஐயனுக்கும் பெரிய மட்டைக்கும் நடுவிலானது. ஆறாவது டிரைவர், முதல் நாள் 10 பந்துக்கு மேல் வேண்டாம், அதுவும் நடு நடுவே வெட்ஜ் கலந்து. அதன்பிறகு 9 குழி, நடக்காமல் கோல்ஃப் வண்டியில். 18 குழிக்கு மேலும் பத்துப் பதினைந்து நாள். உயரமான புல்லிலும் பங்கர் எனும் மணல் பள்ளத்திலும் பந்து விழுந்தால் எடுத்து வெளியே வைத்து அடியுங்கள், அபராதப் புள்ளி போனால் போகிறது. புல் மட்டையைப் பிடித்து நிறுத்தும் அந்த நொடிதான் புதிதாகச் சேர்ந்த எலும்புக்கு எமன்.

மொட்டை மாடி வலை

சேலத்தில் வாரநாளில் வீட்டு மாடியில் வலை கட்டி அடித்துவிட்டு, வார இறுதியில் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ போய் ஆடுபவர்களின் விலா இரண்டு பக்கமிருந்தும் அடி வாங்குகிறது.

மாடியில் கான்கிரீட்டின் மேல் ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பு. பந்துக்கு ஒரு அங்குலம் பின்னால் பட்டால் புல்தரையில் மண் பெயர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கான்கிரீட் வாங்காது. அது இடது கை வழியாகத் தோளுக்கு ஏறி, சிறகெலும்பு வழியாக விலாவில் இறங்குகிறது. விரிப்பு வழுக்கிக் கொடுப்பதால் அடி நன்றாகப் பட்டதுபோலவும் தெரியும், ஆகவே தப்பு செய்வதே தெரியாது. விரிப்புக்கு அடியில் 3 செ.மீ. தடிப்புள்ள அடர்த்தியான நுரைப் பலகை போடுங்கள். நிற்கும் இடத்தையும் அதே உயரத்துக்குத் தூக்காவிட்டால் பந்து காலைவிட மேலே நிற்கும், வீச்சே கெட்டுவிடும். மீளும் காலத்தில் ரப்பர் டீ இல்லாமல் மாடியில் அடிக்கவே வேண்டாம்.

வார இறுதிக் கணக்கு இன்னொன்று. 18 குழியில் 95 அடி அடிப்பவருக்குப் பட்டிங் 35 போக 60 வீச்சு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு ஒத்திகை வீச்சு போடும் பழக்கம் இருந்தால் மொத்தம் 180. சனியும் ஞாயிறும் ஆடினால் 360, அதற்குமுன் ரேஞ்சில் (பயிற்சித் திடல்) அடித்தது தனி. ஐந்து நாள் சும்மா இருந்த தசைக்கு இரண்டே நாளில் இவ்வளவு. ஒத்திகை வீச்சை ஒன்றாக்கி, அதையும் பாதி வேகத்தில் போட்டாலே சுமை கணிசமாகக் குறையும். நாள்காட்டியில் தேதிக்குக் கீழே பந்து எண்ணிக்கையை எழுதி வையுங்கள். ஒரு வாரத்துக்கும் மறுவாரத்துக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடக் கூடாது.

வீச்சில் செய்யவேண்டிய சிறு மாற்றங்கள்

இரு பாதங்களையும் சற்று வெளிப்பக்கமாகத் திருப்பி நில்லுங்கள். மட்டையைப் பின்னால் தூக்கும் பேக்ஸ்விங்கில் இடது குதிகாலைக் கொஞ்சம் எழ விடுங்கள். இடுப்பு கூடுதலாகத் திரும்பும், விலாவில் முறுக்கு குறையும். இடுப்பை அசைக்காமல் தோளை மட்டும் முறுக்கும் பாணி தூரத்துக்கு உதவலாம், சேர்ந்துகொண்டிருக்கும் எலும்புக்கு உதவாது. முடிக்கும்போது முதுகைப் பின்னால் வில்லாக வளைக்காமல், இடது காலின் மேல் நிமிர்ந்து நில்லுங்கள். வழக்கத்தைவிட ஒரு படி நீண்ட தூரத்துக்கான மட்டையை எடுத்து மெதுவாக அடித்தால் அதே தூரம் வரும்.

வலிக்குப் பயந்து உடலைத் திருப்பாமல் கையால் மட்டும் அடிக்கத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் முழங்கை பிடிக்கும், அல்லது இடுப்பு. புதிதாக இப்படி எங்காவது வலி முளைத்தால் படியைச் சீக்கிரம் ஏறிவிட்டீர்கள் என்று அர்த்தம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ரேஞ்சுக்குப் போவதும் இதே ரகம்தான், எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு அடிப்பது.

12 வாரம் தாண்டியும் வலி நின்றால் காரணம் தேட வேண்டும். குனியும்போது கீழ் விலாவில் ‘டக்’கென்று ஏதோ நழுவி வலித்தால் 8 முதல் 10 வரையிலான விலாக்களின் குருத்தெலும்பு தளர்ந்திருக்கலாம். எரிச்சலும் மரத்துப்போவதும் இருந்தால் நரம்பு. அதே பழைய புள்ளி மாறாமல் நோகிறதென்றால் எலும்பு சேரவில்லையா என்று சிடி.

முதல் ஆட்டத்துக்குப் போகும் நாள்

மட்டைப் பை 10 முதல் 15 கிலோ இருக்கும். அதை டிக்கியிலிருந்து ஒற்றைக் கையால் முறுக்கி இழுப்பதில் பழைய இடம் மறுபடி பிடித்தவர்கள் உண்டு. பாதி மட்டைகளை வீட்டில் விட்டுவிட்டு, மீதியை இரண்டு கையால், நேராக நின்று எடுங்கள். மட்டைப் பை தூக்க உதவும் கேடி இருந்தால் அவரையே எடுக்கச் சொல்லுங்கள். சேலத்திலிருந்து கோயம்புத்தூருக்கு 160 கிலோமீட்டருக்கு மேல், காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் உட்கார்ந்து போய் இறங்கியவுடன் முதல் அடி அடிக்கும் டீ மேடையில் நிற்கக் கூடாது. வழியில் ஒருமுறை இறங்கி நடந்து, சேர்ந்ததும் 10 நிமிட நடை, உட்கார்ந்த திருப்பம் இரு பக்கமும் 10, வெட்ஜில் பாதி வீச்சு 10, பிறகு முதல் குழி. களைப்பு தெரிந்ததும், அது ஏழாம் குழியாக இருந்தாலும், பட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு கூட வந்தவர்களோடு நடந்து வாருங்கள். மறுநாள் காலை படுக்கையில் இருந்தபடியே முழு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.